மஞ்சள் காரின் வலது பக்கம்

நேர்கோட்டுப் பந்தயத்துக்கென்றே கட்டிய உண்மையான டிராக் கார் ஒன்று கால் மைல் ஓடி முடிக்கிற நேரத்துக்குள், அதன் சின்ன மாடலில் ஒட்டிய ஒரு சக்கரத்தின் பசைகூடக் காயாது. இடுக்கியிலிருந்து தெறித்துப்போன கடுகளவு கைப்பிடியைத் தேடிக் கார்ப்பெட்டில் முழங்காலில் ஊர்ந்தவர்களும், கண்டுபிடித்த கணத்தில் அதன்மேலேயே முழங்காலை ஊன்றியவர்களும் உங்களில் இருந்தால், நான் சொல்லப்போகும் துன்பங்கள் உங்களுக்குப் புதிதாக இரா. மற்றவர்களும் படியுங்கள். எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகள் வரை லண்டனில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்கள் எல்லாம் ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கியவை.

எங்கள் பட்டறை

தோர்ண்டன் ஹீத்தில் லென் என்ற வெள்ளைக்காரர், உண்மைக் காரை இருபத்தைந்தில் ஒரு பங்காக்கிய மாடல்கள் விற்கும் கடை வைத்திருந்தார். நான் அங்கே கல்லாவில் நின்றேன். ஊரில் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவள், இங்கே பசையும் குட்டிப் பெயின்ட் டின்களும் விற்றேன். பெட்டிக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் துண்டுகளைக் கண்டு யாரும் மயங்குவதில்லை. கட்டி முடித்த கார் ஒன்று கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றால்தான் பெட்டி விற்கும். அப்படிக் கட்டிக் கொடுத்துவந்த மனிதர் ஸ்பெயினுக்குக் குடிபோய்விட்டார். வெயிலில் வளைந்துபோயிருந்த அவருடைய பந்தயக் கார் ஒன்றை ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் கழற்றி, நிமிர்த்தி, திரும்ப ஒட்டி வைத்தேன். அடுத்த வாரம் லென் மூன்று பெட்டிகளை என் பையில் திணித்து வீட்டுக்கு அனுப்பினார்.

நான் கட்டிய கார்களுக்கு முன்னால் ஓர் அட்டை நின்றது: "எங்கள் பட்டறையில் செய்தது." பட்டறை என்பது எங்கள் குசினி மேசை. புட்டு அவித்துச் சாப்பிட்டு, மேசையைத் துடைத்துவிட்டு, அதன்மேல் எஞ்சின் கட்டுவேன். நாலைந்து கார் முடிந்தபின், அட்டையில் என் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டேன். எத்தனையோ இழந்து வந்த ஊரில் ஒரு சின்ன அட்டையாவது என் பெயரைச் சொல்லட்டும் என்று ஆசை. லென் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்: "பெண்பிள்ளை செய்தது என்று தெரிந்தால் ஆயிரம் குறை சொல்வான்கள், லவ். இந்தக் கார்களை மெய்யாக ஓட்டின ஒருத்தன் வந்து, இது சரி என்று சொல்லட்டும். அன்றைக்கே போடுகிறேன்." லண்டன் கடைக்காரருக்கு எந்தப் பெண்ணும் 'லவ்'தான்.

ஓடாத கார்

நான் கட்டிய முதல் டிராக் கார் பொங்கலுக்கு மினுக்கிய செம்பு போலிருந்தது. எனக்கு அதில் பெருமை. டயர் கடையில் வேலை செய்யும் ஒரு வாடிக்கையாளர் மட்டும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "அழகுதான். ஆனால் இது இன்னும் ஓடவே இல்லையே" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் தெரியும் என்றார்.

அந்த ஞாயிறு என் கணவரை இழுத்துக்கொண்டு பெட்போர்ட் பக்கம் போனேன். பழைய விமான ஓடுபாதை ஒன்றில், இரண்டிரண்டு கார்களாகப் பக்கம் பக்கமாக நிறுத்தி நேர்கோட்டில் விரட்டுகிறார்கள். புறப்படுமுன் பின் சக்கரங்களை நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகைய வைப்பார்கள். சூடேறிய றப்பர்தான் தரையைப் பிடிக்கும். அந்த றப்பர் பொடிந்து பின்பக்க மட்கார்டுகளில் கறுப்பாக அப்பிக்கிடந்தது. டயர் கடை மனிதர் போய்ப் பார்க்கச் சொன்னது இதைத்தான். ஆனால் எனக்கு மிஞ்சியது ஓசை. அதைக் காது கேட்பதில்லை, விலா எலும்பு கேட்கிறது. முழக்கம் வந்து, கிழிந்து, தூரத்தில் ஒரு மெல்லிய இழையாகிப் போய்விடும். பிறகு வருகிற மௌனத்தில் புல் அசைவது கேட்கும். கைதட்டிக்கொண்டு நின்ற என்னை, இரண்டு காதையும் பொத்தியிருந்த என் கணவர் திரும்பிப் பார்த்தார். "இஞ்சேரும், வெடிச்சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தனாங்கள். இதை நீர் டிக்கெட் எடுத்துக் கேக்கிறீரோ?"

வறுத்த தூள்

அடுத்த காரை அழுக்காக்குவது என்று முடிவு செய்தேன். கறுப்புப் பெயின்ட் பூசினால் அது பெயின்டாகத்தான் தெரியும். றப்பர் தூள் வேண்டுமென்றால் றப்பரையே தூளாக்குவதுதான் வழி. என் கணவரின் பழைய கறுப்பு றப்பர் செருப்பை உப்புத்தாளில் உரசி உரசி ஒரு சோசரில் சேர்த்தேன். ஒரு கிழிந்த பட்டுச் சேலையின் வெள்ளிச் சரிகையை உருவி எஞ்சினுக்கு எண்ணெய்க் குழாய் செய்தேன். மேல் வீட்டு மல்லிகாக்கா அந்த நேரம் பார்த்து வந்தா. ஹரோவிலிருந்து சொந்தக்காரர் திடீரென்று வந்துவிட்டார்களாம். இறைச்சிக் கறிக்கு இரண்டு கரண்டி வறுத்த கறித்தூள் தேவையாம். நான் அலுமாரியைத் திறக்குமுன் அவ சோசரிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனா. நான் "ஐயோ அக்கா" என்பதற்குள் நாக்கிலும் வைத்துவிட்டா.

என் மனம் நோகாமல் சொல்ல வேண்டும் என்ற கவலை அவவின் முகத்தில் தெரிந்தது. "நல்லாத்தான் இருக்கு, பிள்ளை. ஆனா மல்லியைக் கொஞ்சம் கருக விட்டிட்டீர்."

பஸ் டிக்கெட்

இந்தத் தொழிலில் பெரிய அவமானம் நாலாவது சக்கரம். மூன்று தரையில் நிற்கும், ஒன்று மயிரிழை உயரத்தில் தொங்கும். கட்டுகிறவர் கண்ணுக்கு அது படாது. பார்க்க வருகிறவர்களோ பஸ் டிக்கெட்டைச் சக்கரத்துக்கு அடியில் செருகிப் பார்ப்பார்கள். என் டிக்கெட்டுகள் பல தடவை தங்குதடையின்றிப் போய் வந்தன.

பிறகு நான் கண்ணாடித் துண்டு ஒன்றை மேசையில் போட்டு, அதன்மேல் காரை நிறுத்தி அச்சை ஒட்டப் பழகினேன். குரோய்டனில் நடந்த ஒரு மாடல் போட்டிக்கு லென் என் கார் ஒன்றைக் கடையின் பெயரில் அனுப்பினார். நடுவர் டிக்கெட்டைச் செருகினார், போகவில்லை. நாலு சக்கரத்திலும் பார்த்தார். பல் வைத்தியரின் சின்னக் கண்ணாடியை அடியில் விட்டு வயிற்றுப் பக்கமும் பார்த்தார். முதல் பரிசு. கோப்பையைக் கடைக் கண்ணாடிக்குள் வைத்த லென்னிடம் அட்டையைப் பற்றி மறுபடி கேட்டேன். கோப்பையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்: "அந்த மனுஷன் நடுவர், லவ். அவன் ஓட்டுவது சைக்கிள்."

தேத்தண்ணி வண்டிப் பக்கம்

போலீன் என்ற அம்மா ஒரு பிற்பகல் கடைக்கு வந்தார். அவருடைய கணவர் ரொன் பல வருடம் டிராக் கார் ஓட்டியவர். ஐம்பதுகளின் நிமிர்ந்து நிற்கிற குட்டிப் பெட்டிக் கார் ஒன்றுக்குள் பெரிய அமெரிக்க எஞ்சினை இறக்கி, மஞ்சள் அடித்து, கதவில் "மாமியார் வருகிறார்" என்று எழுதியிருந்தாராம். இதய ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் ஓட்டக்கூடாது என்றார். கார் விற்கப்பட்டது. வாங்கியவன் ஓட்டத் தெரியாமல் அதை எரித்தே விட்டான். அன்றிலிருந்து ரொன் அந்த மைதானத்துப் பக்கம் போவதில்லை, அதைப் பற்றிப் பேசுவதுமில்லை. பிறந்தநாளுக்கு அந்தக் கார் அவருக்குத் திரும்ப வேண்டும். அவருக்குத் தெரியாமல் செய்யவேண்டும். லென் என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன். ஓட்டின ஒருவர் கடைசியில் வரப்போகிறார்.

அந்தக் காருக்குக் கடையில் பெட்டி கிடையாது. உடம்பு முழுவதையும் பிளாஸ்டிக் தாளில் வெட்டிச் செய்யவேண்டும், அது பரவாயில்லை. போலீன் தந்த ஃபோட்டோக்களை மேசையில் பரப்பியபோதுதான் சிக்கல் தெரிந்தது. எல்லாவற்றிலும் இடது பக்கம். ஒன்றில்கூட வலது பக்கம் இல்லை. போலீனின் தங்கச்சிதான் படமெடுத்தவர். அவர் எப்போதும் தேத்தண்ணி வண்டிப் பக்கமே நின்றிருக்கிறார். ரொன் ராசி பார்த்து எப்போதும் இடது பாதையிலேயே ஓடியிருக்கிறார். "வலது பக்கத்தையும் இதே மாதிரிச் செய்துவிடட்டுமா?" என்று கேட்டேன். போலீன் இல்லையென்று தலையை ஆட்டினார். "அவர் ஏறி இறங்கினது அந்தப் பக்கத்தால். முதலில் அங்கேதான் பார்ப்பார்."

தோற்றவரிடம் கேட்டது

இடது பாதையில் ஓடிய காரின் வலது பக்கத்தை யார் பார்த்திருப்பார்? வலது பாதையில் ஓடியவர். அவர் பெயர் டெரி என்று போலீன் சொன்னார்; பார்க்கிங் என்ற ஊரில் கராஜ் வைத்திருந்தார். ரொன்னிடம் பெரும்பாலும் தோற்றவர். காரைத் தனக்கு விற்காமல் வேறொருவனுக்கு விற்றதால் அவர் ரொன்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். பாதி முடிந்த மாடலைப் பிஸ்கட் டின்னில் பஞ்சுக்குள் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு ரயிலேறினேன். அவர் வான் வண்டி ஒன்றுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, சேலையையும் குளிர்க் கோட்டையும் டின்னையும் பார்த்து, நான் பலகாரம் விற்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். நான் மூடியைத் திறந்தேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு வலது பக்கத்துப் பின் மட்கார்டை விரலால் காட்டி, "தப்பு. இது நீலம்" என்றார். ஒரு தடவை புறப்படுமிடத்தில் பின்னால் எடுக்கும்போது டெரியின் வான் அதை நசுக்கிவிட்டதாம். தன்னிடமிருந்த அதே வகைப் பழைய காரின் மட்கார்டைக் கழற்றி, அந்த இடத்திலேயே பூட்டிக் கொடுத்திருக்கிறார். ரொன் அன்றைக்கு வென்றார். வென்றதை மாற்றக்கூடாது என்று அதற்கு மஞ்சள் அடிக்கவேயில்லை. அதன் சோடி மட்கார்டு டெரியின் சுவரில் தூசியோடு தொங்கியது. கைப்பையிலிருந்து பெயின்ட் டின்களை எடுத்து, அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, நீலத்துக்குள் ஒரு துளி சாம்பல், ஒரு துளி பச்சை என்று கலந்தேன். இரண்டு நிறமும் ஒன்றாகிக் கண்ணுக்குள் ஓய்ந்த நேரம் டெரி என் தோளுக்குப் பின்னால் நின்றார். "அவன் வென்ற ஒவ்வொரு ஓட்டத்திலும் என் மட்கார்டும்தான் வென்றது. சொல்லிவிடாதே."

கல்லாவுக்குப் பின்னால்

வீட்டுக்கு வந்து ஒரு காரியம் என் யோசனைப்படி செய்தேன். ஒரு மனிதர் வருடக்கணக்காக ஏறிய வாசல் தேய்ந்திருக்கும். வலது கதவுக்குக் கீழே மஞ்சளை மெல்ல உரசி, அடியிலிருந்த இரும்பு நிறம் தெரியும்படி விட்டேன். யாரும் சொல்லவில்லை, எந்தப் படத்திலும் இல்லை. தவறாக இருந்தால் எல்லாம் கெட்டது.

சனிக்கிழமை போலீன் ஏதோ சாட்டுச் சொல்லி அவரைக் கூட்டிவந்தார். ரொன் ஒடுங்கிப்போன பெரிய மனிதர். கார் கல்லா மேசையில், இடது பக்கம் அவரைப் பார்த்தபடி நின்றது. "நன்றாயிருக்கிறது" என்று மரியாதைக்குச் சொன்னார். அவ்வளவுதான். பிறகு, ஒருவரையும் உள்ளே விடாத கல்லா மடக்குப் பலகையைத் தானே தூக்கிவிட்டு என் பக்கம் வந்தார். ரொன் குனிந்தார். நீல மட்கார்டைக் கண்டார். "டெரி?" என்றார். நான் பதற்றத்தில் தமிழிலேயே "ஓம்" என்றேன். அவருக்கு அது விளங்கிவிட்டது. அவருடைய பார்வை மட்கார்டிலிருந்து கதவுக்கு வந்து, கீழே இறங்கி, தேய்ந்த இடத்தில் நின்றது. சின்ன விரல் நகத்தைக் கதவின் கோட்டுக்குள் விட்டு மெதுவாக நெம்பிப் பார்த்தார். நிமிராமலே சொன்னார்: "திறந்துவிடு, லவ். நான் ஏறவேண்டும்."

அட்டை

ரொன்னும் போலீனும் போனபின் லென் கண்ணாடிக்குள் கையை விட்டுப் பழைய அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். புதிய அட்டையில் முதலெழுத்துகளை மட்டும் போடப் பார்த்தார். நான் விடவில்லை. கனகாம்பிகை என்று ஒவ்வோர் ஆங்கில எழுத்தாகச் சொல்ல, நாக்கைக் கடித்துக்கொண்டு தடித்த பேனாவால் எழுதினார். மற்றக் கார்களுக்கும் எழுதினார். பின்னேரம் வீட்டுக்குப் போகாமல் வீதிக்கு அந்தப் பக்கம் நின்று, பஸ்கள் மறைக்காத நேரமெல்லாம் பார்த்தேன். தேடிக்கொண்டு வந்த என் கணவரும் பக்கத்தில் நின்று பார்த்தார்.

மறு சனிக்கிழமை ஒருவர் நீண்ட டிராக் கார் ஒன்றின் பெட்டியை வாங்கினார். நான் மிச்சக் காசை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் என் தலைக்கு மேலாகப் பார்த்து லென்னிடம் கேட்டார். "யார் இந்தக் கனகாம்பிகை? ஜப்பான்காரனா? இவ்வளவு நுணுக்கம் அவன்களுக்குத்தான் வரும்." லென் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "தோர்ண்டன் ஹீத். உன் கையில் காசு வைக்கிறாரே, அவர்தான்."

வாழ்க்கை முழு அளவில் எனக்குத் தர மறந்தவை ஏராளம், ஆனால் இருபத்தைந்தில் ஒரு பங்காகத் தந்தவற்றில், அந்தக் கண்ணாடித் துண்டு மேசைக்கு வந்தபின், ஒரு சக்கரம்கூடத் தரையில் படாமல் நின்றதில்லை.