எதிர் ட்யூப்

எனக்குக் கதை கட்டத் தெரியாது. லேத் ஓட்டுகிறவன் நான். இரும்பைக் கடையும்போது முடி அளவு தப்பினாலும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கடைவேன். இதிலும் ஒன்றைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பார்த்த நேரத்தோடு சொல்கிறேன். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று எவன் சொன்னானோ, அவனை ஒருநாள் எங்கள் பட்டறைக்குக் கூட்டி வாருங்கள். இது நடந்தது சாயங்காலம். டீ குடிக்கிற நேரம்.

நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு பழைய அச்சகக் கட்டடத்தில் பொதுப் பட்டறை நடத்துகிறோம். வாசலில் ஹேக்கர்ஸ்பேஸ் என்று பெரிதாகப் போர்டு இருக்கும். முன்பக்கம் வெல்டிங், மரவேலை, எலெக்ட்ரானிக்ஸ். பின்பக்கம் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதுதான் உயிரியல் அறை. பட்டம் வாங்காதவனும் அங்கே டிஎன்ஏ பிரித்துப் பார்க்கலாம். அந்த அறையை ஆள்கிறவள் என் அக்கா மகள். ஆள் குட்டை, ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டாள். அதனால் எல்லோருக்கும் அவள் எறும்பு. ஒரு பெரிய லேபில் வேலை கிடைத்து, சேர இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. "உன்ன நம்பித்தான்டா அவள அங்க அனுப்புறேன்" என்று அக்கா ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் புதிதாகச் சேர்ந்தாலும், முதல் நாள் கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, அவர்களுடைய டிஎன்ஏவை அவர்களையே பிரிக்க வைப்போம். பிரித்ததை ஜெல் தகட்டில் ஓடவிட்டால் ஆளுக்கு ஆறு கோடு விழும். எந்தக் கோடு எந்த உயரத்தில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைப் போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டி, கீழே பட்டப்பெயரை எழுதிவிடுவோம். எறும்பு. வெல்டர். லேத்து... லேத்து நான்தான்.

இனி மிஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ட்யூப்களை அதிவேகமாகச் சுற்றி, கனமானதை அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃப்யூஜ். காயலான் கடையில் கிடந்ததை நான்தான் தூக்கி வந்து சரிசெய்தேன். பம்பரம் என்று பெயர் வைத்தோம். உள்ளே வட்டமாக ஆறு குழி. ஒன்றாம் குழியில் ட்யூப் வைத்தால், நேர் எதிரே நான்காம் குழியில் அதே எடைக்குத் தண்ணீர் ஊற்றிய ட்யூப் வைத்தே ஆக வேண்டும். எடை மாறினால் மிஷின் துள்ளும். அந்தத் தண்ணீர் ட்யூப்பைத்தான் எதிர் ட்யூப் என்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூடி திறந்திருந்தால் மோட்டார் ஓடாதபடி அதில் ஒரு லாக் இருந்தது. அது கெட்டுப்போயிருந்தது. புது லாக் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். எனக்குத்தான் பொறுமை என்பதே கிடையாதே. ஒரு துண்டுக் கம்பியைச் சொருகி, மூடி எப்போதும் மூடியே இருப்பதாக மிஷினை நம்பவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை, மாலை 4:10. வெளியே நல்ல மழை. குளியலறைச் சுவரில் பூத்த பூஞ்சணத்தைச் சுரண்டிக் கரைத்து, எறும்பு ஒன்றாம் குழியில் வைத்தாள். மூடப் போனவள் நின்றாள்.

"எதிர் ட்யூப் வெச்சிட்டீங்களா மாமா? பரவால்லயே, தேறிட்டீங்க."

"நான் எங்க வெச்சேன்? நீதான வெச்சே?"

"சும்மா விளையாடாதீங்க."

நான்காம் குழியில் ட்யூப் இருந்தது. எடுத்து எடை போட்டாள். பூஞ்சண ட்யூப் 11.42 கிராம். இதுவும் 11.42. அவள் தோளைக் குலுக்கிவிட்டு மிஷினை ஓட்டினாள். ஒழுங்காக ஓடியது.

4:35. அடுத்த சுற்று. எதிர் ட்யூப்பை எடுத்து வெளியே வைத்தோம். கை கழுவிவிட்டுத் திரும்பினால் நான்காம் குழியில் இன்னொரு ட்யூப். இந்தத் தடவை தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது.

"வெல்டர் அண்ணே! இது உங்க வேலையா?" என்று எறும்பு கத்தினாள்.

முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "எனக்கென்ன வேற பொழப்பு இல்லையா? காலைலேருந்து இந்தக் கேட்டு வெல்டிங்க விட்டு நகரல."

எறும்புக்குப் பயம் வராது, ஆர்வம்தான் வரும். அந்தச் சிவப்புத் தண்ணீரில் ஒரு துளி எடுத்து, சுவரில் இருக்கும் கோடுகளைப் போல இதற்கும் கோடு வருகிறதா பார்ப்போம் என்றாள். அன்று மாலையே வேலையை ஆரம்பித்தாள்.

ஞாயிறு, மதியம் 3:30. கோடுகள் வந்துவிட்டன. ஆறு கோடு. சுவரில் இருந்த போட்டோக்களோடு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு போட்டோவின் முன்னால் நின்றாள்.

அது அவளுடையது.

நான் இரண்டடி பின்னால் போனேன். அவள் சிரித்தாள். "என் எச்சில் தெறிச்சிருக்கும் மாமா. மாஸ்க் போடாம பேசிட்டே இருந்தேன்ல."

"எச்சில் செவப்பாவா இருக்கும்?"

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"போதும் எறும்பு. கெளம்பலாம். உங்கம்மா என்னத் தோல உரிச்சிடுவா."

"ஒரே ஒரு ரவுண்டு மாமா. இன்னிக்கு எதிர் ட்யூப்ப நானே வெக்கிறேன். எவன் மாத்துறான்னு பாத்துடுவோம்."

அப்போதே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். புத்தி கெட்டவன் நான். சரி என்றேன்.

4:52. அவளே தண்ணீர் ஊற்றி, எடை போட்டு, என் கண் முன்னால் நான்காம் குழியில் வைத்தாள். நல்ல தெளிந்த தண்ணீர். மூடினாள். மிஷின் சுற்றத் தொடங்கியது.

4:57. டக்... டக்... டக்... உள்ளே ஏதோ தட்டியது. மேஜை நடுங்கியது. மேலிருந்த பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கீழே விழுந்து உடைந்தன.

எறும்பு ஸ்டாப் பட்டனை அழுத்தினாள். வேகம் குறைந்தது. 3000... 1200... 200... 0. சத்தம் அடங்கியது.

அவள் மூடியைத் திறந்தாள்.

நான்காம் குழியில் இருந்த ட்யூப் முழுக்க இரத்தம். கருஞ்சிவப்பு. புது இரத்தம்.

"மாமா... இது நான் வெச்சதில்ல..."

கையை நீட்டி அதைத் தொட்டாள்.

கிர்ர்ர்ர்...

மூடி திறந்தபடியே மிஷின் சுற்றியது. அவள் கையை உருவவில்லை. உருவ முடியவில்லை! உள்ளே இருந்து யாரோ மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதுபோல முழங்கை வரை உள்ளே போனது. அவள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். வரவில்லை. அவள் முகம் மிஷின் விளிம்பில் மோதியது. இன்னொரு தடவை மோதியது. பல் உடைந்து என் சட்டையில் விழுந்தது.

ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிளக்கைப் பிடுங்கினேன்.

வயர் என் கையில்.

மிஷின் நிற்கவில்லை.

4000... 6000... 9000...

அதன் உச்சம் 4000தான். எனக்குத் தெரியும். நான்தான் சரிசெய்தேன்.

இரத்தம் கூரையில் வட்டமாகத் தெறித்தது.

"விட்ரு! அவள விட்ரு!"

யாரிடம் கத்தினேன்? தெரியாது.

டமார்!

சுழல்கிற பாகம் பிய்த்துக்கொண்டு பறந்தது. என் காதை உரசி... இரும்பு அலமாரியைத் துளைத்து... சுவரில் புதைந்தது.

நாங்கள் இருவரும் பின்னால் போய் விழுந்தோம்.

அமைதி.

கடிகாரம் 5:01.

வெல்டர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். உடைத்துக்கொண்டுதான். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. அவரால் ஏன் தள்ளித் திறக்க முடியவில்லை என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பெல்ட்டைக் கழற்றி எறும்பின் கையைக் கட்டினார். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. அறை முழுக்கத் தேடினோம். கிடைக்கவே இல்லை. மேஜை மேல் ஒன்றுதான் உடையாமல் நின்றுகொண்டிருந்தது. அந்த இரத்த ட்யூப். மூடி இறுக்கமாகத் திருகியிருந்தது.

என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா என் சட்டையைப் பிடித்து, "எப்படிடா ஓடும்? தெறந்த மிஷின் எப்படிடா ஓடும்?" என்று கேட்டாள். பழைய மிஷின்க்கா, கெட்டுப்போயிருக்கும் என்றேன். அவள் என் மார்பிலேயே சாய்ந்து அழுதாள். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம். எறும்பு மட்டும் கண் விழித்ததும், "அழாதீங்க மாமா, மூணு வெரல் இருக்குல்ல" என்றாள். வேலைக்கு அவளை எடுத்துக்கொள்வார்களா என்று இன்னும் தகவல் வரவில்லை.

மூன்றாம் நாள் வெல்டர் பம்பரத்தைக் கேஸ் கட்டர் வைத்துத் துண்டு துண்டாக அறுத்தார். ஆறாம் நாள் நான் காயலான் கடைக்காரரைத் தேடிப் போனேன். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். மூடிப்போன ஒரு இரத்தப் பரிசோதனை நிலையம் என்றார். மிஷினோடு வந்த நோட்டு ஒன்று மூலையில் கிடந்தது, எடுத்துக் கொடுத்தார். தினமும் யார் மிஷினை ஓட்டினார்கள் என்று எழுதும் நோட்டு. கடைசிப் பக்கங்களில் இரண்டு கையெழுத்து.

முதல் கையெழுத்து: "மூடி லாக் கெட்டுவிட்டது. தற்காலிகமாக நானே சரிசெய்துவிட்டேன்."

அடுத்த நாள், வேறு கையெழுத்து, சின்னச் சின்ன எழுத்து: "எதிர் ட்யூப் யார் வைப்பது? இரண்டாவது முறை."

அதற்குப் பிறகு அந்தச் சின்ன எழுத்து இல்லை. பத்து நாள் கழித்து முதல் கையெழுத்து மட்டும் ஒரே ஒரு வரி எழுதியிருந்தது: "இப்போது என் வீட்டில் வைக்கிறார்கள்."

"அந்த லேப்ல ஒரு பொண்ணுக்குக் கை போச்சு" என்றார் கடைக்காரர். "மிஷின ரிப்பேர் பண்ணவரு பதினோராம் நாள் போய்ட்டாரு."

"எப்படி?"

"வீட்ல தூங்கிட்டு இருந்தாரு. மேல சுத்திட்டிருந்த ஃபேன் கழண்டு... வேணாம், விடுங்க. அதெல்லாம் கேக்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் எல்லா ஃபேனையும் கழற்றிவிட்டேன். லேத் பக்கம் போகவில்லை. வியர்வையில் கிடந்து புரள்கிறேன்.

எட்டாம் நாள், வெல்டரைத் துணைக்கு உட்கார வைத்துக்கொண்டு, எறும்பு சொல்லிக் கொடுத்தபடியே அந்த உடையாத ட்யூப்பைப் பரிசோதித்தேன். 11.42 கிராம். அவளுடைய இரத்தம்தான், வேறு யாருடையதாக இருக்கும் என்று நினைத்தேன். நேற்று கோடுகள் வந்தன. எறும்பின் போட்டோவோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடச் சேரவில்லை. வெல்டர் பக்கத்துப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார்.

ஆறு கோடும் சேர்ந்தன. கீழே லேத்து என்று எழுதியிருந்தது.

இன்று காலை என் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு ட்யூப் இருந்தது. தண்ணீர் லேசாகச் சிவந்திருக்கிறது. நான் எடை போடவில்லை. போடத் தேவையும் இல்லை.

அக்கா, அந்தக் கம்பியைச் சொருகியது நான்தான். நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால்தான் எழுதினேன்.

இன்று பத்தாவது நாள்.