துரைக்கு ஒரு அழுக்குச் சட்டை

எங்கள் மாடிக்குக் குடிவந்தவளை எல்லோரும் லாண்டரி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய ஹோட்டல் ஒன்றில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. ஊரார் புரண்ட விரிப்புகளை வெளுத்து வெளுத்து, அழுக்கு என்றாலே அவளுக்கு ஆகாது. அவள் அப்பா வீட்டைத் தம்பி ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றுவிட்டான். கூடவே இருந்து, அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டே குழி பறித்தவன். "அந்த வீட்டு வாடையே எனக்கு வேணாம்" என்று திரைச்சீலையிலிருந்து பூனையின் மெத்தைவரை அத்தனையையும் துவைத்துத்தான் எடுத்துவந்தாள்.

பூனையின் பெயர் துரை. வந்த அன்றே கட்டிலுக்கடியில் புகுந்தது. வெளியே வரவில்லை, தட்டில் வாய் வைக்கவில்லை. அவள் கதவைச் சாத்தி, தரையில் குப்புறப் படுத்துக் கொஞ்சிப் பார்த்தாள். மீனை முள் எடுத்து நீட்டினாள். துரை சுவரைப் பார்த்தே கிடந்தது.

மருத்துவரை நான்தான் கூட்டிவந்தேன். "நோய் ஒண்ணுமில்ல. பழைய வீட்டுத் துணி, துவைக்காதது இருந்தா பக்கத்துல போடுங்க. இன்னும் பட்டினி கிடந்தா தாங்காதும்மா" என்றார்.

அவள் பீரோவைத் திறந்தாள். எல்லாவற்றிலும் சோப்பு மணம்.

"நானே அதுக்கு எமனாயிட்டேனே" என்று உட்கார்ந்துவிட்டாள். துரையை விட்டால் அவளுக்கு யாருமில்லை.

மறுநாள் நான் அங்கே இருக்கும்போதே தம்பி சமாதானம் பேச வந்தான். துவைத்துப்போட ஆளில்லாமல் சட்டைக் காலர் கறுத்துக் கிடந்தது. அவள் வாசலை மறித்தாள்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்தே?"

"அக்கா..." என்று அவன் வாய் திறந்ததுதான் தாமதம், துரை கட்டிலுக்கடியிலிருந்து வந்தது. அவளைத் தாண்டிப் போய் அவன் காலை உரசியது. அவன் தூக்கியதும் சட்டையில் முகத்தைப் புதைத்துக் குர்குர்ரென்றது.

அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வீடு போனதற்குக்கூட அவள் அப்படி இடிந்துபோகவில்லை.

"முள்ளு எடுத்து ஊட்டினவ நான். கடைசில உனக்கு இவன்தான் வேணுமா?" என்று பூனையைக் கேட்டாள். அவனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"சட்டையக் கழட்டு."

"என்னக்கா?"

"கழட்டிக் குடுத்துட்டுப் போ."

பூனையை இறக்கிவிட்டு, சட்டையைக் கொடுத்துவிட்டுப் பனியனோடு அவன் படியிறங்கினான். அவள் சட்டையை விரல்நுனியில் பிடித்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள். துரை அதன்மேல் உட்கார்ந்து மீனை முகர்ந்தது, பிறகு தின்றது. அதைப் பார்த்ததும் அவள் திடீரென்று எழுந்து மாடிப்படிக்கு ஓடினாள். அவன் கீழே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"டேய்! வாசம் போனதும் இன்னொண்ணு வேணும். கொண்டாந்து வாசல்லயே வெச்சுட்டுப் போயிடு" என்றாள். "துவைச்சுடாதே."