வெடிக்காரன் பங்கு

மொன்றியலில் பேனாட் என்று விசாரித்தால் எந்தப் பேனாட் என்று கேட்பார்கள். பண்டி பேனாட் என்றால் போதும், வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். பட்டப்பெயர் கொஞ்சம் ஒரு மாதிரித்தான். ஆனால் மனுசனுக்கு அதில் உள்ளூரப் பெருமை. சென்ட் லோரன்டில் விமான உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில், இரும்பு கடையும் இயந்திரத்தோடு இருபது வருடமாக மல்லுக்கட்டுகிறார். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயர் இருந்ததெல்லாம் தமிழ்ச் சனத்திடம்தான், அதுவும் பன்றி இறைச்சியால் வந்த பெயர்.

மன்னார்க்காரர் அவர், மடுக் காட்டின் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவர். மொன்றியலுக்கு வடக்கே, காட்டுப் பன்றிகளை வளர்த்து, வேலியடைத்த பெருங்காட்டில் திறந்துவிட்டு, வேட்டைக்காரரிடம் காசு வாங்கும் பண்ணைகள் உண்டு. இலை உதிரத் தொடங்கினால் பேனாட்டும் கூட்டாளி தியாகலிங்கமும் துவக்கைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். வேலிக்குள் என்ன பெரிய வேட்டை என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கொம்பன் பன்றி ஒன்று எதிரே முட்ட வரும்போது, வேலி எங்கே இருக்கிறதென்று ஒருவனும் தேடமாட்டான்.

இறைச்சி வந்ததும் பேனாட் வீட்டுக் கராஜில் பங்கு போடுவார்கள். பிளாஸ்டிக் விரிப்பில் எலும்பும் சதையும் கொழுப்பும் கலந்து, ஏறாமல் குறையாமல் கும்பல் கும்பலாக வைப்பார்கள். ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இன்னொருவர் ஒரு கும்பலைத் தொட்டு “இது ஆருக்கு?” என்பார். முதுகு காட்டி நிற்கிறவர் வாயில் எந்தப் பெயர் வருகிறதோ, அது அந்த வீட்டுக்கு. பிறகு கூடிக் குறைந்தது என்று ஒருவரும் முணுமுணுக்கக் கூடாது.

ஒரு பங்கு மட்டும் இந்தக் கணக்கில் சேராது. குண்டு பட்ட இடத்தில் கருகின சதையை வெட்டி எறிந்துவிட்டு, அதை ஒட்டிய நல்ல சந்து இறைச்சியை, முன்னங்கால் தோள் பக்கத்துச் சதையை, தனியே எடுப்பார்கள். அது வெடி வைத்துச் சுட்டவனுக்கு. வெடிக்காரன் பங்கு என்று பெயர். பேனாட்டின் ஊரில் அதை அவன் தின்னமாட்டான், அயலில் பிள்ளை வயிற்றோடு இருக்கிறவளுக்குக் கொடுத்துவிடுவான். இரத்தம் ஊறும், பிள்ளைக்கு உரம் என்று சொல்வார்கள். கடல் கடந்து வந்தும் பேனாட் அந்த முறையை விடவில்லை. கொடுப்பதோடு விட்டாரா? சமைத்தாயா, தின்றாயா, எவ்வளவு தின்றாய் என்று மாமியாரைப் போல் பின்னால் நின்று கேட்பார்.

தியாகலிங்கம் சில வருடத்துக்கு முன்பே ஈயக் குண்டை விட்டுச் செப்புக் குண்டுக்கு மாறியிருந்தார். பேனாட்டுக்கு அது கண்ணில் காட்டக் கூடாது. அவரும் ஒருமுறை செப்பு போட்டுப் பார்த்தவர்தான். வழக்கமாக ஈயத்துக்கு வைக்கும் குறி போலவே, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைத்தார். குண்டு உள்ளே போய் மறுபக்கத்தால் வெளியேறியது. பன்றி விழவில்லை, ஓடியது. இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துச் சதுப்பு நிலத்துக்குள் போனபோது அது சேற்றில் கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் வெடி வைக்கும்வரை அது அவரையே பார்த்தது. அன்றைக்குச் சொன்னார், இனி இந்தச் சனியன் வேண்டாம், வாயில்லாப் பிராணியை வதைக்கிற பாவம் எனக்கு வேண்டாம் என்று. ஈயம் உள்ளே போனதும் விரிந்து சிதறும், பன்றி நின்ற இடத்திலேயே சாயும். அதுதான் இரக்கம் என்று அவர் மனதார நம்பினார். நம்பிக்கையில் கள்ளம் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊரில் சண்டை முற்றி, மடு மாதாவின் சுருவமே கோயிலை விட்டு இடம்பெயர்ந்து போன வருடம் வந்தது. பேனாட்டின் சகோதரங்கள் எந்த மரத்தின் கீழ் இருக்கிறார்கள் என்று தெரியாது, தொலைபேசி எடுபடாது. கோயிலுக்குப் போவதும் வேலைக்குப் போவதும் தவிர அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஒரே ஆறுதல், மகள் ஜென்சி முழுகாமல் இருந்தாள். இந்த முறை வெடிக்காரன் பங்கு என் வீட்டுக்கே என்று கண்டவர் நின்றவர் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

ஜென்சி சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், விவசாயக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில், வேட்டைக்காரர் ஏழைகளுக்குத் தானம் கொடுத்த மான் இறைச்சியில் ஈயத் துகள் கண்டு எல்லாவற்றையும் திருப்பி எடுத்தார்கள் என்று அந்த வருடம் அவள் வாசித்திருந்தாள். தகப்பன் நம்பவில்லை. ஈயம் தின்று சாகிறதென்றால் மன்னாரில் பாதிச் சனம் எப்போதோ செத்திருக்கும் என்றார். சரி, நீங்களும் தியாகலிங்கம் மாமாவும் ஆளுக்கொரு பன்றி வெடி வையுங்கள், இரண்டின் முன்சந்து இறைச்சியையும் தாருங்கள், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டே சாப்பிடுகிறேன் என்றாள். பேனாட் சிரித்துக்கொண்டு சம்மதித்தார். தியாகலிங்கத்தின் மூக்கை உடைக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று நினைத்திருப்பார்.

வேட்டையிலேயே அவர் சிரிப்பு கொஞ்சம் வாடியது. தியாகலிங்கம் பின்னால் குறிவைக்கவில்லை. பன்றியை நன்றாகக் கிட்ட வரவிட்டு, நேரே தோள் எலும்பில் வைத்தார். செப்புக்கு எலும்பு வேண்டும், எலும்பில் பட்டால்தான் அது இதழ் விரிக்கும் என்றார். பன்றி நின்ற இடத்திலேயே சாய்ந்தது. பேனாட் ஈயத்தால் வைத்த பன்றியும் அப்படித்தான் சாய்ந்தது. சதுப்பில் கிடந்த பழைய பன்றியை நினைத்துக்கொண்டு பேனாட் தோலை உரித்தார்.

பிள்ளைத்தாச்சி எக்ஸ்ரே அறைக்குள் போகக் கூடாது என்பதால் கூட வேலை செய்கிறவள் படம் எடுத்துக் கொடுத்தாள். ஜென்சி அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். செப்பு பட்ட சந்தில் உடைந்த எலும்பு தெரிந்தது, வேறொன்றும் இல்லை. ஈயம் பட்ட சந்து முழுக்க, கறுப்புத் துணியில் ரவை சிந்தினதுபோல் வெள்ளைப் பொட்டுகள். காயத்தில் மட்டுமென்றால் பரவாயில்லை, வெட்டி எறியலாம். காயத்திலிருந்து ஒரு சாண் தள்ளியும் பொட்டு இருந்தது. நல்ல சதை என்று பேனாட் தன் கையால் வெட்டி எடுக்கும் இடம் அது. தொட்டாலும் தெரியாது, கழுவினாலும் போகாது.

அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜென்சி தகப்பனை வென்ற சந்தோஷத்தில் இல்லை. மெல்லக் கேட்டாள்.

“அப்பா, இந்தப் பங்கு முந்தி ஆருக்கெல்லாம் குடுத்தனீங்கள்?”

பேனாட் படத்தைக் கீழே வைத்தார். கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கும் குணேஸ்வரியின் முகம்தான் முதலில் அவர் கண்முன் வந்தது. அவள் மகன் தனோஜன் வயிற்றில் இருந்தபோது, சத்தி வருகிறது அண்ணை என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு தட்டைத் தள்ளிவைத்தாள். பிள்ளைக்காகத் தின்னு பிள்ளை என்று பேனாட்தான் வற்புறுத்தித் தின்னவைத்தார். தனோஜனுக்கு இப்போது மூன்று வயது. இன்னும் அம்மா என்று சொல்லவில்லை. வீட்டில் தமிழ், கார்டெரிக் காப்பகத்தில் பிரெஞ்சு, தொலைக்காட்சியில் இங்கிலிஷ், பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும் என்று சனம் ஆறுதல் சொல்லும். பேனாட்டும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

ஈயத்தால்தான் என்று ஒருவராலும் சொல்ல முடியாது, ஈயத்தால் இல்லை என்றும் சொல்ல முடியாது, பழைய வீட்டுப் பெயின்டிலும் குழாயிலும்கூட ஈயம் இருக்கும் என்றாள் ஜென்சி. ஆனால் பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாம், சொன்னால்தானே சோதிப்பார்கள்?

இமெல்டா குசினியிலிருந்து வந்தாள். பேனாட்டின் மனைவி பயந்த சுபாவம், ஆனால் உலகம் தெரிந்தவள்.

“இஞ்சருங்கோ, சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதேங்கோ. அந்தப் பெட்டை ஏற்கெனவே பிள்ளையை நினைச்சு உருகுறாள். நீங்கள் போய்ச் சொன்னா என்ன குறையப் போகுது? எங்கட பேர்தான் நாறும்.”

பொய்யில்லை. நாளைக்குக் கோயில் முற்றத்தில் பண்டி பேனாட் என்பதை வேறு மாதிரிச் சொல்வார்கள். வெளியில் சொல்லாவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. இனிமேல் செப்புக்கு மாறிவிட்டால் போதும், முன்னம் நடந்தது முன்னத்தோடு போய்விடும். இரண்டு நாள் பேனாட் அப்படித்தான் இருந்து பார்த்தார். மேல்மாடியில் இருந்தால் கீழே தனோஜன் ஓடுகிற சத்தம் கேட்கும். சத்தம் கேட்கும், சொல் கேட்காது. ஐயோ, அதை எப்படி மனுசன் தாங்குவது? ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்க எழும்பினவர் பாதியில் திரும்பி வந்து இருந்துவிட்டார்.

பூசை முடிந்து வந்த கையோடு கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார். குணேஸ்வரி பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். இருங்கோ அண்ணை என்றாள். அவர் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், எக்ஸ்ரே படத்தையும் காட்டினார். தனக்குத் தெரியாது என்பதை ஒருதரம்தான் சொன்னார்.

குணேஸ்வரி படத்தைக் கையில் வாங்கவில்லை. பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

“நான் வேண்டாம் எண்டனான் அண்ணை” என்றாள்.

“ஓம் பிள்ளை. நான்தான் விடேல்லை.”

“வேற ஆருக்கெல்லாம் குடுத்தனீங்கள்?”

பேனாட் சொன்னார். ஒவ்வொரு பெண்ணின் பெயராகச் சொன்னார். இத்தனை வீட்டுக்கா கொடுத்தோம் என்று சொல்லும்போதுதான் அவருக்கே தெரிந்தது. பெயர்கள் முடிந்தன. குணேஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஜென்சி?”

“இல்லை. அவள் தின்னேல்லை.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவர் காதிலே விழுந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பரிமாறின கை, சொந்தப் பேரப்பிள்ளை வரும்போது படம் எடுத்துப் பார்த்துவிட்டது. அவர் அப்படி நினைத்துச் செய்யவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

குணேஸ்வரி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்கு நல்லாயிருந்திருக்கும். எழும்பிப் போய்க் கையைக் கழுவினாள், பிள்ளைக்குக் குளிருடுப்பு மாட்டி ஜிப்பை இழுத்தாள், தன் கோட்டையும் எடுத்தாள்.

“மன்னிப்பைப் பற்றி இப்ப என்னட்டக் கேளாதேங்கோ அண்ணை. நாளைக்கு இவனை டொக்டரிட்டக் கொண்டுபோவன். இப்ப மற்ற வீடுகளுக்கு நடவுங்கோ. நீங்கள் தனியப் போனா அவளவை கதவைச் சாத்திப்போடுவாளவை. நானும் வாறன்.”

பேனாட் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை அவள் நிற்கவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.