எஸ்டேட் காருக்கு எத்தனை ஏக்கர்?

முதலில் ஒரு விடுகதை. அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே மாதிரிச் சட்டை. அண்ணன் தீப்பொறி பட்டால்தான் எழுந்திருப்பான். தம்பிக்குத் தீப்பொறி வேண்டாம். இறுக்கி அமுக்கினால் போதும், கொதித்து எழுந்துவிடுவான். அண்ணன் குடிப்பதைத் தம்பிக்கு ஊற்றினால் தம்பி நடுரோட்டில் படுத்துவிடுவான். தம்பி குடிப்பதை அண்ணனுக்கு ஊற்றினால் அண்ணன் கதியும் அதே கதிதான். அவர்கள் யார்?

பெட்ரோல் இன்ஜின், டீசல் இன்ஜின். சரியாகச் சொன்னவர்களுக்கு என் வேலையைத் தரத் தயாராக இருக்கிறேன். பழைய கார் விற்கும் வேலையில் காரைக் காலையில் ஒரு தடவை துடைத்தால் போதும். ஒரே பதிலைத்தான் நாள் முழுக்கத் துடைத்துத் துடைத்து எடுத்து நீட்ட வேண்டும். சொன்னதையே திரும்பச் சொல்லிச் சம்பளம் வாங்கும் எல்லாருக்கும் இது புரியும். துணிக்கடையில் "சாயம் போகாதுங்க" என்று சொல்பவர்களும், பஸ்ஸில் "உள்ள போங்க" என்று சொல்பவர்களும் என் உடன்பிறப்புகள்.

நான் வேலை பார்ப்பது பெரம்பலூர் பைபாஸ் ஓரத்தில். போன கோடையில் எங்கள் முதலாளி ஒரே மாதிரி இரண்டு வெள்ளை வண்டிகளை எங்கிருந்தோ வாங்கி வந்து நிறுத்தினார். முன்னால் பார்த்தால் சாதாரணக் கார். பின்னால் மட்டும் கூரை சரிந்து இறங்காமல் கடைசிவரை நீண்டு போகும். குடும்பமும் மூட்டை முடிச்சும் ஒன்றாக, வேகமாகப் போவதற்கென்று செய்த வண்டி. இதற்கு எஸ்டேட் கார் என்று பெயர். நம் பக்கத்தில் அபூர்வம். ஒன்று பெட்ரோல், ஒன்று டீசல். அங்கே ஆரம்பித்தது எனக்கு.

எத்தனை ஏக்கர்?

"எஸ்டேட் விற்பனைக்கு" என்று முதலாளி போர்டு எழுதி வைத்தார். கார் என்ற சொல்லுக்குப் போர்டில் இடம் போதவில்லை. கார் கடை வாசலில் இருக்கிற போர்டுதானே, புரியாதா என்றார்.

மறுநாளே ஒரு போன். பேசியவர் குன்னத்தில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற விவசாயி, பெயர் மருதமுத்து. எத்தனை ஏக்கர், கிணறு உண்டா, வேலி போட்டிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். இது நிலம் இல்லை, கார் என்று நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பின்பக்கம் நீளமாக இருக்கும், நிறைய மூட்டை ஏற்றலாம் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "சரி, காராவே இருக்கட்டும். எம் மருமவன் ஒருத்தரு கார் தேடிக்கிட்டுதான் இருக்காரு. ஞாயித்துக்கெழம இட்டுக்கிட்டு வரேன். அதுக்குள்ள அந்த எஸ்டேட்டயும் யாராச்சும் வித்தா எனக்குச் சொல்லும்மா."

ஒரே வாயாக

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். மருதமுத்து, அவர் மகள் தேன்மொழி, மருமகன் இளங்கோ, இவர்களுடைய மகள் யாழினி. யாழினிக்கு எட்டு வயது.

தேன்மொழி பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இளங்கோவுக்கு ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஃபேக்டரியில் வேலை. அதனால் அவர் அரியலூரில் ஒரு வீடு, தாயும் மகளும் பெரம்பலூரில் ஒரு வீடு. குழந்தை அப்பாவைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். இனி மூவரும் அரியலூரில் ஒரே வீட்டில் இருப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். அதற்கு ஒரு வேகமான கார் வேண்டும். தேன்மொழி எனக்குக் கணக்காக விளக்கினாள்: "நைட் டூட்டி முடியற நேரத்துக்குத் தோதா பஸ் கெடயாதுக்கா. இவரு காலை ஷிப்டுக்குக் கெளம்புற நேரத்துக்கு நான் வூடு வந்து சேரணும். இல்லாட்டி பாப்பா தனியா இருக்கும். பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வண்டி வந்தா அரியலூர்ல சேத்துடுவோம். வரலன்னா இன்னொரு வருஷம் இப்படியேதான்." நீளமான பின்பக்கம் மருதமுத்துவின் நிபந்தனை. வாராவாரம் தன் வெங்காயமும் சோளமும் மகள் வீடு போய்ச் சேர வேண்டும்.

"உங்களுக்குப் பெட்ரோல் வேணுமா, டீசல் வேணுமா?" என்று கேட்டேன். இளங்கோ டீசல் என்றார். தேன்மொழி பெட்ரோல் என்றாள். இரண்டும் ஒரே நொடியில் வந்தன. மருதமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதுக ரெண்டும் ஒரே நேரத்துல வாயத் தொறந்து இன்னைக்குத்தாம்மா பாக்குறேன்."

நோயாளி

வித்தியாசத்தை நான் எல்லாருக்கும் சொல்வது போலவே சொன்னேன். பெட்ரோலுக்குப் பிக்கப் அதிகம், மிதித்தவுடன் பாயும். டீசலுக்கு மைலேஜ் அதிகம், மூட்டை ஏற்றினாலும் தளராது, இழுப்பு அதிகம். கடைசிச் சொல்லை நான் தவிர்த்திருக்க வேண்டும். கார் கடையில் இழுப்பு என்றால் வண்டியின் பலம். ஆஸ்பத்திரியில் இழுப்பு என்றால் மூச்சுத் திணறல்.

தேன்மொழி கைப்பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள். வேடிக்கைக்கு எடுக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு வண்டிகளையும் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பானெட் மேல் நான்கு இடங்களில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவளைப் பார்த்து எங்கள் மெக்கானிக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பரிசோதனை முடிந்ததும் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, நோயாளியின் உறவினரிடம் பேசும் குரலில் சொன்னாள்: "பெட்ரோல் நார்மலா இருக்குங்க. டீசலுக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு."

கிணற்றடியில்

மருதமுத்து டீசல் கட்சியில் சேர்ந்தார். ஆனால் அவருக்கு டீசல் என்றால் வயலில் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின்தான். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, பெல்ட் எங்கே மாட்டுவது என்று கேட்டார். வெளியே மாட்ட முடியாது என்றேன். சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டலாமா என்று கேட்டார். மாட்டக் கூடாது என்றேன். சோளம் அடிக்கும் மிஷினை இதோடு சேர்க்கலாமா என்றார். இது மனிதர்களை ஏற்றிக்கொண்டு வேகமாக ஓடுவதற்கான இன்ஜின், ஒரே இடத்தில் நின்று உழைப்பதற்கானது இல்லை என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் படம் வரைந்து விளக்கினேன். படத்தை வாங்கிப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அதெல்லாம் சரிதாம்மா. கெணத்தோரமா நிறுத்தினா மூணு இஞ்சு தண்ணி எடுக்குமா, எடுக்காதா?"

எப்ப எடுக்கிறீங்க?

அடுத்த ஞாயிறு ஓட்டிப் பார்க்க டீசல் வண்டியை அரியலூர் வரை கொண்டு போனோம். மருதமுத்து வரவில்லை; வெங்காயம் பிடுங்க ஆள் வந்திருந்தது. கடைத்தெருவில் ஒரு பூக்கடை முன்னால் நிறுத்தினோம். தேன்மொழி எதிர்ப்பக்க மருந்துக் கடைக்குப் போனாள். நான் வண்டிக்குள் முன்சீட்டில் இருந்தேன். இளங்கோ இறங்கி வெளியே நின்றார். யாழினி பின்சீட்டை மடக்கிவிட்டு, நீளம் போதுமா என்று பார்க்க ஒரு வெள்ளைப் போர்வையை விரித்துக் காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

வெள்ளை நிறம். நீளமான பின்பக்கம். பூக்கடை வாசல். நம் ஊரில் இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன வண்டி என்று உங்களுக்கே தெரியும். எனக்கு அந்த நிமிஷம் வரை தோன்றவில்லை. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பூக்கடைக்காரர் இறங்கி வந்து, இளங்கோவின் கையைப் பிடித்து, தணிந்த குரலில் கேட்டார்.

"எப்ப எடுக்கிறீங்க சார்?"

"இன்னும் முடிவாகலைங்க. ஒரு வாரம் ஆவும்போல."

"ஒரு வாரமா! வெளிநாட்டுலேர்ந்து யாராச்சும் வரணுங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க. எங்க வூட்டுக்குள்ளயே ஒத்துவரல. நான் டீசல்ங்கறேன், வூட்டுக்காரம்மா பெட்ரோல்தான்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

பூக்கடைக்காரர் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். "எதுக்குங்க அந்தக் கருமமெல்லாம்? வெறகும் வறட்டியும் பத்தாதா?" என்று சொல்லிக்கொண்டே பின்கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தவர், நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அடப் பாவமே, பச்சப் புள்ள! ஒரு ஐஸ் பெட்டிகூட வைக்காம இட்டாந்திருக்கீங்களே சார்!"

யாழினி எழுந்து உட்கார்ந்தாள். "ஐஸா? எனக்கு சேமியா ஐஸ்."

பங்க்கில்

அதற்கடுத்த வாரம் பெட்ரோல் வண்டியின் முறை. திரும்பி வரும்போது எண்ணெய் குறைந்துவிட்டது. பங்க்கில் நிறுத்தினோம். வண்டியை ஓட்டி வந்தவர் இளங்கோ. பங்க்கில் வேலை செய்யும் பெண் ஜன்னலோரம் குனிந்து, அவள் எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டாள்: "பெட்ரோலா சார், டீசலா?" இளங்கோ ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். "அதாம்மா ரெண்டு வாரமாத் தெரியல" என்றார். பின்சீட்டிலிருந்து தேன்மொழி, "பெட்ரோல்தான்னு நான் மொத நாளே சொல்லிட்டேன்" என்றாள். "டீசல்ல என்ன கொறையக் கண்ட? எங்க ஃபேக்டரிக்குச் சுண்ணாம்புக்கல் ஏத்திட்டு வர்ற லாரி மொத்தமும் டீசல்தான்" என்றார் இளங்கோ. "அப்ப லாரியவே கட்டியிருக்கலாம்" என்றாள் தேன்மொழி. டீசல் என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தப் பெண் டீசல் குழாயை எடுத்தாள். நான் பாய்ந்து இறங்கி, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். விடுகதையில் வரும் அண்ணன் என் கண்ணெதிரே படுத்துவிடக் கூடாது. அவளுக்குக் கோபமே வரவில்லை. குழாயை மறுபடி மாட்டிவிட்டுச் சொன்னாள்: "வூட்ல பேசி முடிச்சுட்டு வாங்க சார். பின்னாடி பஸ்ஸு நிக்குது."

அறைக்குள்

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிறு. வந்தவர்கள் முகத்தில் தெளிவு இருந்தது. முடிவாகிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். இளங்கோ நாற்காலியில் உட்காரும் முன்பே, "பெட்ரோலே எடுத்துக்கலாம் மேடம்" என்றார். அதே நேரத்தில் தேன்மொழி, "டீசலே இருக்கட்டும்கா" என்றாள்.

இரவெல்லாம் யோசித்து ஆளாளுக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை. இப்போது விட்டுக் கொடுத்ததை யாரும் விட்டுக் கொடுப்பதாக இல்லை. "ஓட்டப் போறது நீ. ஒனக்குப் புடிச்சதுதான்." "இல்லைங்க, ஒங்க ஆசைக்குக் குறுக்க நிக்க மாட்டேன்." நான் மறுபடியும் அண்ணனையும் தம்பியையும் மேஜைமேல் நிறுத்தி விளக்கினேன். பயன் இல்லை. குரல்கள் ஏறின. "இப்படியே பேசிக்கிட்டிருந்தா பொழுது போயிடும். நாளைக்குப் பாப்பாவப் பெரம்பலூர்லயே கொண்டு விட்டுடறேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று தேன்மொழி எழுந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மருதமுத்துதான் சொன்னார்: "ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்க. பாப்பாவக் கேளுங்க."

யாழினி யோசித்துவிட்டு, தான் இந்த ஆபீஸ் அறைக்குள் இருப்பதாகவும், அம்மா மட்டும் இரண்டு வண்டிகளையும் ஒவ்வொன்றாக வெளியே ரோட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பி வர வேண்டும் என்றும் சொன்னாள். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நான் மட்டும் உள்ளே இருந்தேன். எந்த வண்டி முதலில் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திடீரென்று கதவு திறந்தது. தேன்மொழி நின்றாள். பின்னால் பெட்ரோல் வண்டி நின்றது. "எப்பம்மா வந்தீங்க?" என்று யாழினி கேட்டாள்.

மறுபடி கதவைச் சாத்தினோம். இந்தத் தடவை திரும்பி வரும் வண்டி இன்னும் ரோட்டில் தள்ளி இருக்கும் லாரி எடைமேடையைக்கூடத் தாண்டியிருக்காது. யாழினி நாற்காலியிலிருந்து இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவருகே போய் நின்றாள். தேன்மொழி வந்து வண்டியை நிறுத்தியபோது கதவு முன்பே திறந்திருந்தது.

"இந்த வண்டிதான்" என்றாள் யாழினி. எதனால் என்று நான் கேட்டேன். "அம்மா வர்றதுக்குள்ள அப்பா ஷிப்டுக்குப் போயிட்டா நான் உள்ளதான ஆண்ட்டி தனியா இருப்பேன்" என்றாள்.

பிக்கப், மைலேஜ், இழுப்பு என்று கோடை முழுக்க நான் வரைந்து காட்டி விளக்கி முடித்த பிறகு, எட்டு வயது யாழினி சத்தம் அதிகம் என்பதற்காக டீசலைத் தேர்ந்தெடுத்தாள்.