பேராசிரியர் நெற்றியில் இரும்பு ஆக்சைடு

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். காட்டாங்குளத்தூரில் ஆராய்ச்சி செய்கிறேன் என்பதை யாராவது கேட்கும்வரை காத்திருக்காமல் நானே சொல்லிவிடுவேன். என் வேலை, இரும்பு ஆக்சைடை இரண்டு வைரங்களுக்கு நடுவே வைத்து நசுக்குவது. சாதாரணமாக அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அழுத்தம் மிக அதிகமானால், அணுவோடு ஒட்டிக்கிடந்த எலக்ட்ரான்கள் நகரத் தொடங்கி, அது உலோகம் போல நடந்துகொள்ளும்.

ஆயுத பூஜைக்கு வீட்டாரையும் ஆய்வகத்துக்கு அழைத்து வரலாம் என்றார் பேராசிரியர். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் அம்மா, அங்கே கொடுக்கும் ஸ்வீட் பாக்ஸைத் தியாகம் செய்துவிட்டு வந்தாள்.

பூஜை முடிந்ததும் கருவியில் என் முறை. தவறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். உலையில் பல வாரம் சூடாக்கி நானே தயாரித்த தூளை ஒரு கண்ணாடித் தட்டில் வைத்திருந்தேன். நல்ல சிவப்பு.

ஆய்வகப் பையன்கள் சந்தனம், பொரி, பூசணிக்காய் எல்லாம் வாங்கியிருந்தார்கள். குங்குமத்தை மறந்துவிட்டார்கள். அது அம்மாவுக்குத் தெரியாது. நான் கதவுக்கு மாலை கட்டி முடிப்பதற்குள் கணினி, நுண்ணோக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிப் பொட்டும் வைத்துவிட்டாள். பேராசிரியருக்கும் வைத்தாள். பிறகு என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டாள்.

"இன்னாடி குங்குமம் இது? ஒட்டவே மாட்டேங்குது. சாருக்கு மூக்கு மேலல்லாம் கொட்டிக்கினு கீது."

அவள் கையிலிருந்த தட்டைப் பார்த்தேன். சாரின் மூக்கைப் பார்த்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா முந்தானையால் அவர் நெற்றியிலிருந்து அதைத் திரும்ப எடுக்கப் போனாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டே, தட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். சந்தன விரல் படாத ஓரத்தில் கொஞ்சம் தூசி இருந்தது. வைரங்களுக்கு நடுவே உள்ள துளைக்கு ஊசிமுனையளவு போதும் என்றார். பதற்றத்தில் அது எனக்கே மறந்துபோயிருந்தது.

மற்றவர்கள் பொரி தின்னும்போது நான் தூசியை உள்ளே அடைத்தேன். அம்மா பொரியைத் தொடவில்லை. என் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அடுத்த சில நாட்கள் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒரு மதியம், திரையில் மின்தடையைக் காட்டும் கோடு சரசரவென்று சரிந்தது. தூள் உலோகமாகிவிட்டது; அதற்காகத்தான் இத்தனை பாடும். அம்மாவுக்கு போன் போட்டு, கோடு ஒரேயடியாகக் கீழே இறங்கிவிட்டது என்று கத்தினேன்.



"எறங்கிடுச்சா," என்றாள் மெதுவாக. "வுடு கண்ணு. அடுத்த வாட்டி ஏறும். நான் எதையும் தொட மாட்டேன்."