அணுமின்சாரம் நல்லது என்று சொல்லப் போன இடங்களில்

அணுமின் நிலையத்தின் நன்மைகளை ஊர் ஊராக விளக்குவதுதான் என் உத்தியோகம். ஜனங்களுக்கு முன்னால் மைக் பிடித்துப் பிழைக்கிற எல்லாரையும் போல நானும் மேடை ஏறுமுன் பதில்களை ஒருதரம் ஒப்பித்துப் பார்த்துக்கொள்வேன்.

பட்டான்செருவில்

செகந்திராபாத்துக்கு வெளியே, தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு குடியிருப்பு. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் களைப்போடு உட்கார்ந்திருந்தார்கள். நிலக்கரிப் புகை கிடையாது, சாம்பல் மேடு கிடையாது, கட்டி முடிக்கும்வரை கொத்தனாருக்கும் வெல்டருக்கும் வருஷக்கணக்கில் வேலை என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். நன்றாகத்தான் கேட்டார்கள். கேள்வி உண்டா என்றதும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "முன்னாடி வந்த ஃபாக்டரிக்காரங்களும் வேலை குடுத்தாங்க மேடம். அதுக்கப்புறம்தான் நாங்க தண்ணியை விலைக்கு வாங்கிக் குடிக்கிறோம்."

ஆராதனை முடிந்து

செகந்திராபாத்தில் எங்கள் சர்ச் வாசலில் தாமஸ் அங்கிள் பிடித்துக்கொண்டார். ராணுவப் பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"கழிவை என்னம்மா செய்வீங்க?"

அளவு கொஞ்சம்தான், கண்ணாடியோடு உருக்கிச் சேர்த்து, கனமான கான்கிரீட்டுக்குள் வைத்துக் காவல் காப்போம் என்றேன்.

"ஹவ், ஹவ்" என்று எங்கள் ஊர் உருதுவில் ஆமாம் போட்டுத் தலையாட்டினார். "எவ்வளவு காலத்துக்கு?"

"பல தலைமுறைக்கு, அங்கிள்."

சர்ச் கூரையை அண்ணாந்து பார்த்தார். "இந்த ஒழுகல நிறுத்தவே மூணு கமிட்டி மாறிடுச்சு. உங்க கமிட்டி நல்ல கமிட்டியா இருக்கணும்மா."

ஷீலாவின் கேள்வி

என் தம்பி வேறு மாநிலத்தில் ஒரு அனல்மின் நிலையத்தில் இன்ஜினியராக இருந்தான். காயப்போட்ட துணியிலெல்லாம் சாம்பல் படியும் குடியிருப்பு அது. அவன் மகளுக்கு இருமல் நின்றதே இல்லை. திடீரென்று கடலோர அணுமின் நிலையத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. நல்ல சம்பளம், வீடு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். நான் சந்தோஷப்பட்டு முடிக்கவில்லை, அங்கே போனால் ஆபத்தில்லையா என்று கேட்டு அவன் மனைவி ஷீலா போன் செய்தாள்.

என் வாயில் தயாராக இருந்த பதில்கள் எல்லாம் மேடைப் பதில்கள். தினமும் கதிர்வீச்சை அளப்பார்கள், பாதுகாப்புக்கு மேல் பாதுகாப்பு உண்டு, விபத்தே நடக்காது என்று மட்டும் யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அதெல்லாம் சரி மைனி, நீங்கன்னா பிள்ளையக் கூட்டிட்டுப் போவீங்களா?"

போன பிறகு

"போவேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நம்பி அவர்கள் வீட்டைக் காலி செய்து போனார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே செகந்திராபாத்தில், திருமுல்கேரி ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட, அவர்கள் போன ஊரின் பெயர் செய்தியில் வருகிறதா என்று போனைத் தடவிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் ஆனால் ஷீலாவைக் கூப்பிடுவேன். பிள்ளை சாப்பிட்டாளா, தூங்கினாளா, அங்கே எல்லாம் சரிதானே?

போன வாரம் அவள் சிரித்தாள். "இருமல் நல்லாவே கொறஞ்சிருக்கு. இங்க எனக்கு ஒரு பயமும் இல்ல மைனி, நீங்க தெனமும் போன் பண்ணி 'எல்லாம் சரிதானே'ன்னு கேக்கறப்பதான் பக்குங்குது."

தைரியம் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பயப்படுகிற வேலையை நான் ஓவர்டைம் இல்லாமலேயே பார்த்துக்கொள்கிறேன்.