சொல்லிவிட்டுச் செய்வது

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பிறகு நர்சிங் பயிற்சியும் முடித்து, பல்லடம் சாலையில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியின் வீட்டில் தங்கி, பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடந்த அவருடைய அப்பாவைப் பார்த்துக்கொண்டேன். பகலெல்லாம் வீட்டார் கம்பெனியில் இருப்பார்கள்.

எதைச் செய்தாலும் நோயாளியிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் கற்றிருந்தேன். ஒருநாளும் அதில் தவறியதில்லை.

“மொகம் தொடைக்கறேனுங்க.”

“இப்ப எடது பக்கம் திருப்பறேனுங்க.”

பதில் வராது. மற்ற பேச்சையெல்லாம் விடுமுறை நாளில் அம்மாவிடம் பேசச் சேர்த்து வைப்பேன்.

ஒரு ஞாயிறு நான் எங்கள் வீட்டுக்குப் போனபோது, இரவு ஷிப்டில் தைத்துவிட்டு வந்த அம்மா பாயில் படுத்திருந்தாள். கண்ணாடி முன் நின்று சீப்பை எடுத்தேன்.

“தலை சீவறேனுங்க.”

அம்மா சிரித்தாள். “ஏட்டி, யாருகிட்ட பேசுத?”

“உன்கிட்டத்தாம்மா” என்று திரும்பினேன். அதற்குள் தூங்கியிருந்தாள்.